தென் சீனக் கடல்: முதல் உயிர் போகப்போவது போர்க்கப்பலிலா, ரப்பர் படகிலா?

நெய்தல்வாசன் | 13 ஆகஸ்ட் 2025, காலை 7:40

சீனாவும் பிலிப்பைன்ஸும் எங்களுடையது என்று அடித்துக்கொள்ளும் ஸ்கார்பரோ பவளத்திட்டுக்குக் கிழக்கே முந்தாநாள் எடுத்த வீடியோவை இந்நேரம் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் கடலோரக் காவல்படையின் சுலுவான் என்ற ரோந்துக் கப்பல், வெறும் 44 மீட்டர், தலைதெறிக்க ஓடுகிறது. பின்னால் சீனக் கடலோரக் காவல்படையின் 3104 தண்ணீரைப் பீய்ச்சியபடி துரத்துகிறது. அந்த நேரம் பார்த்து சீனக் கடற்படையின் டிஸ்ட்ராயர் ரகப் பெரிய போர்க்கப்பல் ஒன்று, எண் 164, குய்லின், குறுக்கே பாய்கிறது. சுலுவான் நழுவிவிட்டது. சீனக் கப்பல்கள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. 3104இன் முன்பகுதி, காலால் மிதித்த தகர டப்பா மாதிரி உள்ளே போய்விட்டது. மோதுவதற்குச் சில நொடிகள் முன்புவரை அந்த முன்தளத்தில் ஆட்கள் நின்றது வீடியோவில் தெரிகிறது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று பெய்ஜிங் வாயே திறக்கவில்லை. "அத்துமீறிய கப்பலை விரட்டினோம்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். மோதல் என்ற சொல்லே இல்லை.

இணையம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரிக்கிறது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுலுவான் ஒரு பத்து நொடி தாமதித்திருந்தால், டிஸ்ட்ராயரின் மூக்கு ஏறியிருப்பது 44 மீட்டர் கப்பலின் மேல். அப்போது இந்நேரம் வேறு இழை ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால்தான் தலைப்பில் அந்தக் கேள்வி. அமெரிக்கா, சீனா என்றால் நாம் விமானந்தாங்கிக் கப்பல், ஏவுகணை, நீர்மூழ்கி என்று எண்ணிக்கைப் பட்டியல் போடுகிறோம். இந்த நான்கைந்து வருடங்களில் அங்கே உண்மையில் ரத்தம் பார்த்தது எதில்? தண்ணீர்ப் பீரங்கி, ரப்பர் படகு, கோடாலி. சண்டை என்று ஒன்று வந்தால் அது இந்தச் சில்லறைத் தகராறிலிருந்துதான் கிளம்பும் என்று நினைக்கிறேன். உங்கள் கருத்து?

---

பொறுமைசாலி | 13 ஆகஸ்ட், காலை 8:15

ஒன்றும் வராது. இருபது வருஷமாக "இதோ வருது, அதோ வருது" என்கிறார்கள். இரண்டு பக்கமும் வியாபாரம் இருக்கிறது. எல்லாம் படம் காட்டுவது.

---

சட்டப்பிரியன் | 13 ஆகஸ்ட், காலை 8:52

தலைப்பிலேயே ஒரு திருத்தம், வாசன் சார். முதல் உயிர் எப்போதோ போய்விட்டது. 1974 ஜனவரியில் பாராசெல் தீவுகளில் சீனாவும் தென் வியட்நாமும் நேருக்கு நேர் கடற்போரே நடத்தின. அதில்தான் பாராசெல் முழுவதும் சீனாவின் கைக்குப் போனது. 1988 மார்ச்சில் ஜான்சன் தெற்குத் திட்டில் வியட்நாம் தரப்பில் மட்டும் 64 பேர் செத்தார்கள். முழங்கால் ஆழத் தண்ணீரில் கொடியைப் பிடித்தபடி நின்றவர்களைச் சுட்டார்கள். "இருபது வருஷமாக ஒன்றும் நடக்கவில்லை" என்பது சரி. அதற்கு முந்தைய இருபது வருஷத்தைக் கேட்டால் வேறு கதை.

---

நெய்தல்வாசன் | 13 ஆகஸ்ட், காலை 9:05

ஒத்துக்கொள்கிறேன். தலைப்பை இனி மாற்ற முடியாது, அப்படியே கிடக்கட்டும்.

---

கடலோடி_தூத்துக்குடி | 13 ஆகஸ்ட், பிற்பகல் 1:30

சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீசராக இருக்கிறேன். இப்போது லீவில் வீட்டில். இந்த வழியில் எத்தனை முறை போயிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. எனவே தரையிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்றிரண்டு.

முதலில் சார்ட்டை, அதாவது கடல் வரைபடத்தை, பாருங்கள். ஸ்ப்ராட்லி தீவுகள் பக்கம் பெரிய பரப்புக்கு மேல் "ஆபத்தான தளம்" என்று பெயரே போட்டிருக்கும். பழைய காலத்து அளவையாளர்கள் வைத்த பெயர் அது. அரசியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீருக்கு அடியில் பவளத்திட்டு எங்கே தலைதூக்கும் என்று தெரியாது, உள்ளே போகாதே என்று அர்த்தம். ஸ்கார்பரோ திட்டுக்கே அந்தப் பெயர் வந்தது, 18ஆம் நூற்றாண்டில் ஸ்கார்பரோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அதில் போய் முட்டியதால்தான். சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் போகும் நாங்கள் அந்தப் பரப்பை வலது கைப் பக்கம் விட்டு, வியட்நாம் ஓரமாக ஏறிவிடுவோம். அதனால் "வணிகக் கப்பல் நடுவில் மாட்டிக்கொள்ளும்" என்று டிவியில் கத்துவதைப் பாதிதான் நம்ப வேண்டும்.

மீதிப் பாதி உண்மை. ராத்திரி பன்னிரண்டு முதல் நாலு வாட்ச். தொடுவானத்தில் ஒரு ஊரே எரிகிற மாதிரி வெளிச்சம். கணவாய் பிடிக்கிற படகுகளின் விளக்கு. ரேடாரில் நூறு, நூற்றைம்பது புள்ளிகள். அதில் எது மீன்பிடிக்கிறது, எது சும்மா மிதக்கிறது, எது மீன்பிடிப் படகு வேஷத்தில் வேறு வேலையாக நிற்கிறது என்று பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், இருப்பவனுக்குத் தெரியாது. பாதிப் படகுகள் ஏஐஎஸ்ஸை, தான் யார், எங்கே என்று மற்றக் கப்பல்களுக்கு அறிவிக்கும் கருவியை, அணைத்துவிடும். எல்லாக் கப்பலும் கேட்கும் ரேடியோ அலைவரிசையான விஎச்எஃப் 16இல் ஒருவன் பாட்டுப் போடுவான், ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டுவான். அதற்கு நடுவே திடீரென்று ஒரு நிதானமான குரல், "இது சீனக் கடலோரக் காவல்படை, நீங்கள் எங்கள் நீர்ப்பரப்பில் இருக்கிறீர்கள்" என்று யாரிடமோ சொல்லும். பதிலுக்கு இன்னொரு குரல், "இது எங்கள் பொருளாதார மண்டலம்" (கரையிலிருந்து 200 மைல்வரை மீனும் வளமும் அந்த நாட்டுக்கு) என்று எழுதிவைத்ததைப் படிக்கும். இரண்டு பக்கமும் ஒரே வாசகத்தைப் பத்துப் பதினைந்து முறை திருப்பித் திருப்பிச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே நாங்கள் டீ குடிப்போம். பழகிவிட்டது.

இந்தப் பழக்கம்தான் பயமாக இருக்கிறது. மோதல் தவிர்ப்பு விதிகள் 1972இலிருந்து இருக்கின்றன. யார் வழிவிட வேண்டும், யார் வேகத்தையும் திசையையும் மாற்றாமல் போக வேண்டும் என்று படிக்காதவன் பிரிட்ஜில் ஏறவே முடியாது. அந்த விதிப்புத்தகம் முழுக்க ஒரே நம்பிக்கையின் மேல் நிற்கிறது: எதிரில் வருபவன் மோதாமல் போகவே விரும்புகிறான். வேண்டுமென்றே குறுக்கே விழுகிறவனுக்கு அதில் விதியே கிடையாது.

---

யாழ்_நிலா | 13 ஆகஸ்ட், மாலை 4:10

கடலோடி அண்ணா, இதைத் தனிப் பதிவாகவே எழுதலாமே.

நான் சொல்ல நினைத்தது 2019 ஜூன் 9. ரெக்டோ திட்டில், ரீட் திட்டு என்றும் சொல்வார்கள், நள்ளிரவில் நங்கூரம் போட்டு நின்ற பிலிப்பைன்ஸ் மீன்பிடிப் படகு ஒன்றைச் சீனக் கப்பல் இடித்துவிட்டு விளக்கை அணைத்துக்கொண்டு போய்விட்டது. 22 பேர் தண்ணீரில். அவர்களைத் தூக்கியவர்கள் யார் தெரியுமா? வியட்நாம் மீனவர்கள். அதே திட்டுகளுக்கு உரிமை கோரும் இன்னொரு நாட்டுக்காரர்கள். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது. சோறு கொடுத்து, ரேடியோவில் ஆளைத் தேடி ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

---

ராமேஸ்வரத்தான் | 13 ஆகஸ்ட், மாலை 4:45

நம்ம கச்சத்தீவு பிரச்சினையும் இதே மாதிரிதானே? அதைப் பற்றி ஏன் யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

---

நெறியாளர் | 13 ஆகஸ்ட், மாலை 5:00

கச்சத்தீவுக்குத் தனி இழை இருக்கிறது, 40 பக்கம் ஓடிவிட்டது. இங்கே வேண்டாம் நண்பரே. யாழ்_நிலாவும் நீங்களும் அங்கே போய்த் தாராளமாகச் சண்டை போடலாம்.

---

யாழ்_நிலா | 13 ஆகஸ்ட், மாலை 5:04

நான் சண்டைக்கு வரவில்லை ஐயா!

---

நெய்தல்வாசன் | 13 ஆகஸ்ட், இரவு 9:20

ஸ்கார்பரோவை விட எனக்குப் பெரிய கவலை அயுங்கின் திட்டுதான். ஆங்கில வரைபடத்தில் இரண்டாம் தாமஸ் திட்டு. சீனர்களுக்கு ரென்ஆய். வியட்நாமியர்களுக்கு இன்னொரு பெயர். அங்கே ஒவ்வொரு பாறைக்கும் நான்கு பெயர். யார் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்துவிடலாம்.

அங்கே தரைதட்டி நிற்கிறது சியாரா மாட்ரே என்ற கப்பல். அதன் ஜாதகத்தைப் படித்தால் ஆசியாவின் எண்பது வருடச் சரித்திரமே அதில் இருக்கிறது. 1944இல் அமெரிக்கா கட்டியது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையில் இறக்குவதற்காக நூற்றுக்கணக்கில் கட்டிய ரகம், நூறு மீட்டர் நீளம். அப்புறம் வியட்நாம் போரில் ஆற்றுப் படகுகளுக்குத் தாய்க்கப்பல். 1970இல் தென் வியட்நாமுக்குத் தந்தார்கள். 1975இல் சைகோன் விழுந்தபோது தப்பி பிலிப்பைன்ஸ் வந்தது. அடுத்த வருடம் பிலிப்பைன்ஸ் கடற்படையில் சேர்ந்தது. 1995இல் பக்கத்து மிஸ்சீஃப் திட்டைச் சீனா பிடித்துக் குடிசை கட்டியதும் மணிலாவுக்கு வயிற்றைக் கலக்கியது. 1999 மே மாதம் இந்தக் கிழட்டுக் கப்பலைக் கொண்டுபோய் அயுங்கின் திட்டில் ஏற்றி, "அடடா, தரைதட்டிவிட்டது" என்றார்கள். 26 வருஷமாக அது தரைதட்டியே நிற்கிறது!

தளமெல்லாம் ஓட்டை. துரு உரிந்து செதில் செதிலாக விழுகிறது. ஓட்டைகளின் மேல் பலகை போட்டு நடக்கிறார்கள். உள்ளே ஒரு கைப்பிடி மரைன் வீரர்கள், தூண்டில் போட்டுப் பொழுதைப் போக்கிக்கொண்டு. ஆனால் காகிதத்தில் அது இன்னும் பணியில் இருக்கும் போர்க்கப்பல். அந்தக் காகிதம்தான் அதன் கவசம். 1951இல் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸும் போட்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி, பிலிப்பைன்ஸ் போர்க்கப்பலை ஆயுதத்தால் தாக்கினால் அமெரிக்கா கேட்டாக வேண்டும். அதனால் சீனா அதைத் தொடாது. தொடாமல், அதுவாக உடைந்து விழும்வரை சோறு தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது. சிமெண்டும் கம்பியும் போனால் கப்பலைக் கெட்டிப்படுத்திவிடுவார்கள் என்று ஒவ்வொரு படகையும் மறிப்பது. கோட்டையை முற்றுகை போடும் பழைய உத்தி, வெள்ளைப் பெயிண்ட் அடித்த கப்பல்களை வைத்து.

2024 மார்ச் 5இல் தண்ணீர்ப் பீரங்கியால் சப்ளைப் படகின் முன்கண்ணாடி நொறுங்கி நாலு பேருக்குக் காயம். ஜூன் 17இல் அதைவிட மோசம். ரப்பர் படகில் சாமான் கொண்டுபோனவர்களைச் சீனப் படகுகள் சுற்றிவளைத்தன. சீனர்கள் கையில் கோடாலி, கத்தி. ரப்பரைக் கிழித்தார்கள், பெட்டியில் இருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார்கள். பிலிப்பைன்ஸ் வீரர்கள் வெறும் கையால் தடுத்தார்கள். படகால் இடித்ததில் ஒருவருக்குக் கட்டைவிரல் போனது. அதற்கு இரண்டரை வாரம் முன்புதான், மே 31இல் சிங்கப்பூர் மாநாட்டு மேடையில் அதிபர் மார்கோஸ், வேண்டுமென்றே செய்த ஒன்றால் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் செத்தால் அது போர்ச் செயலுக்கு மிக நெருக்கம் என்று சொல்லியிருந்தார்.

கட்டைவிரல் போனது. உயிர் போகவில்லை. நடுவில் இருந்த தூரம் அவ்வளவுதான்.

---

பொறுமைசாலி | 13 ஆகஸ்ட், இரவு 9:58

ஆனால் போர் வந்ததா? வரவில்லை. மணிலாவிலேயே ஒருவர் முதலில் "தவறான புரிதல் அல்லது விபத்தாக இருக்கலாம்" என்றார். அப்புறம் பாதுகாப்பு அமைச்சர் வந்து "இல்லை, வேண்டுமென்றே செய்தது" என்றார். அடுத்த மாதமே சீனாவும் பிலிப்பைன்ஸும் உட்கார்ந்து, சாமான் கொண்டுபோகத் தற்காலிக ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதன் பிறகு அந்தத் திட்டில் அடிதடி அடங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும் சார். நான் சொன்னது அதுதான்.

---

நெய்தல்வாசன் | 13 ஆகஸ்ட், இரவு 10:10

பெய்ஜிங்கிலும் மணிலாவிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். 3104ஐ ஓட்டியவருக்குத் தெரிந்ததா?

---

பொறுமைசாலி | 13 ஆகஸ்ட், இரவு 10:14

அது நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.

---

மணி_சிங்கை | 14 ஆகஸ்ட், காலை 6:30

சிங்கப்பூரில் கப்பல் தரகு அலுவலகத்தில் வேலை. இங்கே யாரும் போர் வரும் என்று முழுசாக நம்பவில்லை, வராது என்றும் பந்தயம் கட்ட மாட்டார்கள்.

புதுச் செய்தி: நேற்று அமெரிக்கா ஹிக்கின்ஸ் என்ற டிஸ்ட்ராயரையும் சின்சினாட்டி என்ற சிறு போர்க்கப்பலையும் ஸ்கார்பரோ பக்கம் அனுப்பியிருக்கிறது. "விரட்டிவிட்டோம்" என்கிறது சீனா. "சட்டப்படிதான் போனோம்" என்கிறது அமெரிக்கா. இதிலும் இரண்டு பக்கத்து அறிக்கையும் முன்கூட்டியே எழுதிவைத்த மாதிரி.

போர்க்கப்பலும் போர்க்கப்பலும் சந்தித்தால் ஓரளவு முறை இருக்கிறது. 2014இல் சிங்தாவோவில் மேற்குப் பசிபிக் வட்டாரக் கடற்படைகள் சேர்ந்து, எதிர்பாராமல் சந்திக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்று ஒரு நெறிமுறைக்கு ஒப்புக்கொண்டன. பீரங்கியைத் திருப்பாதே, ரேடார் குறி வைக்காதே, இப்படி. அது கடற்படைகளுக்கு மட்டும். கடலோரக் காவல்படை அதில் வராது. மீன்பிடிப் படகு வேஷத்து ஆட்கள் வரவே மாட்டார்கள். சண்டை நடப்பதோ முழுக்க அவர்களிடம்.

நெறிமுறை இருந்தும் 2018 செப்டம்பரில் கேவன் திட்டுக்குப் பக்கத்தில் அமெரிக்காவின் டிகேட்டருக்கு 45 கஜத்தில் சீன டிஸ்ட்ராயர் வந்து நின்றது. 45 கஜம் என்றால் மூன்று, நாலு பேருந்தை வரிசையாக நிறுத்தும் தூரம்.

---

கடலோடி_தூத்துக்குடி | 14 ஆகஸ்ட், காலை 7:12

45 கஜத்தில் இரண்டு டிஸ்ட்ராயர்! எங்கள் கப்பலில் ஒரு மைலுக்குள் இன்னொரு கப்பல் வந்தாலே கேப்டன் பைஜாமாவோடு மேலே ஓடி வந்துவிடுவார்.

மணி அண்ணே, ஒன்று சேர்க்கிறேன். அந்த 3104 ஒருகாலத்தில் சீனக் கடற்படையின் கொர்வெட், அதாவது சிறு போர்க்கப்பல். ஏவுகணையைக் கழற்றிவிட்டு, வெள்ளை அடித்து, காவல்படைக்குக் கொடுத்தது. 2018இலிருந்து சீனக் கடலோரக் காவல்படையே ராணுவ ஆணையத்தின் கீழ்தான் இருக்கிறது. ஆகவே "போலீஸ் கப்பல்தானே" என்று சொல்வதற்குப் பெயிண்டைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. அவர்களிடம் 12,000 டன்னில் ஒரு காவல் கப்பல் இருக்கிறது, எண் 5901. பல நாட்டு டிஸ்ட்ராயர்களைவிடப் பெரிசு. அது பக்கத்தில் வந்தாலே அலையில் சின்னப் படகு தூக்கிப் போடும். சுட வேண்டிய அவசியமே இல்லை.

---

வடசென்னை_வேலு | 14 ஆகஸ்ட், காலை 10:25

நம்ம பிரம்மோஸ் அங்க இருக்குல்ல? ஒண்ணு விட்டா போதும், எல்லாரும் ஓடிருவாங்க.

---

நெய்தல்வாசன் | 14 ஆகஸ்ட், காலை 10:50

வேலு தம்பி, இருக்கிறது. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸோடு 37.5 கோடி டாலருக்கு ஒப்பந்தம், 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. கரையிலிருந்து ஏவும் ரகம், 290 கிலோமீட்டர். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக் கரையிலிருந்து ஸ்கார்பரோ 220 கிலோமீட்டர்தான், எட்டும். ஆனால் தண்ணீர் பீய்ச்சுகிறவன் மேல் பிரம்மோஸ் விடுவாயா? விட்டால் போரை ஆரம்பித்தவன் நீ. சீனா தண்ணீரையும் கோடாலியையும் எடுப்பதே அதற்காகத்தான். எதிராளியின் கையில் பெரிய ஆயுதம் இருக்கும், அதை எடுக்கிற அளவுக்குக் காரணம் மட்டும் கிடைக்காது.

இந்த மாதத் தொடக்கத்தில் இந்தியக் கடற்படை முதல் முறையாக அங்கே பிலிப்பைன்ஸோடு சேர்ந்து பயிற்சி செய்தது. ஐஎன்எஸ் டெல்லி, கில்தான், சக்தி. அதே வாரம் மார்கோஸ் டெல்லியில் இருந்தார். ஆக நாமும் எட்டி நின்று வேடிக்கை பார்க்கும் ஆள் இல்லை.

---

சட்டப்பிரியன் | 14 ஆகஸ்ட், பகல் 12:40

இந்தக் கடல் வழக்கில் நடுவர் மன்றம் 2016இல் கொடுத்த தீர்ப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. பொதுவாக "சீனா தோற்றது, மதிக்கவில்லை" என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது 500 பக்கம். உள்ளே போனால் இன்னும் சுவாரசியம்.

பிலிப்பைன்ஸ் 2013 ஜனவரியில் வழக்குப் போட்டது. சீனா வரவே மறுத்தது. நடுவர் மன்றத்துக்கு முதலில் தலைவராக நியமித்தது இலங்கையின் கிறிஸ் பின்டோவை. அவர் மனைவி பிலிப்பைன்ஸ்காரர் என்ற காரணத்தால் அவராகவே விலகிக்கொண்டார். (யாழ்_நிலா, இது உங்களுக்காக.) பிறகு கானாவின் தாமஸ் மென்சா தலைமையில் 2016 ஜூலை 12இல் தீர்ப்பு.

இந்தக் கடலில் பெரும்பகுதியை வளைத்துச் சீனா போட்ட ஒன்பது கோட்டு வரைபடத்தின் பேரில் கேட்கும் சரித்திர உரிமைக்குச் சட்ட அடிப்படை கிடையாது என்றது. ஸ்ப்ராட்லியில் எதுவுமே 200 மைல் மண்டலம் கேட்கக்கூடிய தீவு இல்லை என்றது. தைவான் கையில் இருக்கும் இட்டு அபா, கிணறும் மரமும் உள்ள இடம், அதுகூட வெறும் பாறைதான் என்றது. இதில் தைவானும் கொதித்துப்போனது! மிஸ்சீஃப், அயுங்கின் இரண்டும் கடல் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் மேடு, பிலிப்பைன்ஸ் மண்டலத்துக்குள் வருகிறது என்றது.

ஆனால் மன்றம் சொல்லாமல் விட்டது இரண்டு. ஸ்கார்பரோ பாறை யாருக்குச் சொந்தம் என்று அது சொல்லவே இல்லை. கடல் சட்டத்தில் நிலத்தின் சொந்தம் வராது. அங்கே பல நாட்டு மீனவர்களுக்கும் பரம்பரை மீன்பிடி உரிமை உண்டு, சீனா அதைத் தடுத்தது தவறு என்று மட்டும் சொன்னது. அடுத்தது, சியாரா மாட்ரேயைச் சுற்றி நடக்கும் முற்றுகை. அது ராணுவ விவகாரம், எங்கள் அதிகாரத்தில் வராது என்று கையை விரித்துவிட்டது. எங்கே உயிர் போகும் என்று வாசன் பயப்படுகிறாரோ, சரியாக அந்த இடத்தில் மட்டும் சட்டம் வாயை மூடிக்கொண்டது.

---

பொறுமைசாலி | 14 ஆகஸ்ட், பகல் 1:15

அப்படியானால் சட்டம் சட்டம் என்று அமெரிக்கா குதிப்பது ஏன்? அவர்கள் அந்தக் கடல் சட்ட உடன்படிக்கையில் சேரவே இல்லையே.

---

சட்டப்பிரியன் | 14 ஆகஸ்ட், பகல் 1:48

சேரவில்லை, உண்மை. நம் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். பொருளாதார மண்டலத்தில் வேற்று நாட்டுக் கடற்படை பயிற்சி செய்ய வேண்டுமென்றால் எங்கள் சம்மதம் வேண்டும் என்பதுதான் இந்தியாவின் நிலைப்பாடு. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜான் பால் ஜோன்ஸ் கப்பல் லட்சத்தீவுக்கு மேற்கே 130 மைலில் போய்விட்டு, "இந்தியாவிடம் கேட்காமல்தான் போனோம்" என்று அறிக்கையும் விட்டது. டெல்லிக்கு முகம் சுளித்தது. இந்த ஒரு விஷயத்தில் நாம் சீனாவுக்குத்தான் பக்கத்தில் நிற்கிறோம். மேடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆனால் 2014இல் வங்கதேசத்தோடு நமக்கு இருந்த கடல் எல்லை வழக்கில், தகராறான 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 அவர்களுக்குப் போனது. பேசாமல் ஏற்றுக்கொண்டோம். பெரிய நாடு, சின்ன நாட்டிடம் தோற்று, ஏற்றுக்கொண்டது. மணிலாவில் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள்.

---

மணி_சிங்கை | 14 ஆகஸ்ட், மாலை 6:05

தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் என்ன செய்கிறது என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். 2002இல் ஒரு பிரகடனம் போட்டார்கள். நடத்தை நெறிமுறை என்று அதற்கு மேல் ஒன்று எழுதப்போவதாகச் சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது 2026க்குள் முடிப்போம் என்கிறார்கள். அந்த வருடம் தலைமை பிலிப்பைன்ஸுக்கு. கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது, மாப்பிள்ளைதான் இன்னும் பார்க்கவில்லை.

---

பொறுமைசாலி | 15 ஆகஸ்ட், காலை 9:30

யோசித்துவிட்டு வந்தேன். 2001 ஏப்ரலில் ஹைனானுக்குப் பக்கத்தில் அமெரிக்க உளவு விமானத்தின் மேல் சீனப் போர் விமானம் உரசியது. சீன விமானி இறந்தே போனார். அமெரிக்கர்கள் 24 பேர் ஹைனானில் இறங்கி 11 நாள் சீனாவின் பிடியில் இருந்தார்கள். உயிர் போய், ஆளும் பிடிபட்டு, அப்போதும் போர் வரவில்லை. ஒரு கடிதத்தில் "வருந்துகிறோம்" என்ற சொல்லை எப்படி எழுதுவது என்று பேசிப் பேசியே முடித்தார்கள். எனவே என் கட்சியிலேயே இருக்கிறேன்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 2001இல் வீடியோ இல்லை. இப்போது பிலிப்பைன்ஸ் ஒவ்வொரு கப்பலிலும் பத்திரிகைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகிறது. மோதின அன்றே உலகம் பார்க்கிறது. ஒருவர் செத்தால், அதை "விபத்து" என்று சொல்லி இரண்டு அரசும் நாசூக்காக விலக வாய்ப்பிருக்கிறதா? முன்பு இருந்தது. இப்போது சந்தேகம்தான்.

---

நெய்தல்வாசன் | 15 ஆகஸ்ட், காலை 10:02

இதை எதிர்பார்க்கவில்லை. என் வாதத்துக்கு என்னைவிட நல்ல காரணம் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் வீடியோ இல்லையென்றால் அந்த 3104ஐப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்பதையும் பார்க்க வேண்டும். மோதின உடனே பிலிப்பைன்ஸ் கப்பல் ரேடியோவில், "ஆள் தண்ணீரில் விழுந்திருந்தால் தேடித் தருகிறோம், மருத்துவ உதவி வேண்டுமா" என்று கேட்டிருக்கிறது. பதில் இல்லை.

---

கடலோடி_தூத்துக்குடி | 15 ஆகஸ்ட், காலை 10:40

அதைத்தான் நானும் திரும்பத் திரும்பக் கேட்டேன் சார். கடலில் எவனாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வான். துரத்தினவனைப் பார்த்து துரத்தப்பட்டவன் கேட்கிறான், எதிர்ப்பக்கம் மௌனம். அன்றைக்கு அந்தத் திட்டுப் பக்கம் 35 மீன்பிடிப் படகுகளுக்கு டீசலும் ஐஸும் கொடுக்கத்தான் அந்தப் பிலிப்பைன்ஸ் கப்பல்கள் போயிருந்தன.

---

சட்டப்பிரியன் | 12 செப்டம்பர் 2025, காலை 8:20

இழையைத் தூசி தட்டுகிறேன். ஸ்கார்பரோ திட்டில் தேசிய இயற்கைப் பாதுகாப்பகம் அமைக்கச் சீனா ஒப்புதல் கொடுத்திருக்கிறது. சுமார் 3,500 ஹெக்டேர். பவளத்தைக் காப்பாற்றவாம்.

2016 தீர்ப்பில் தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. ராட்சதச் சிப்பிகளை எடுப்பதற்காகப் படகின் புரொப்பெல்லரால் பவளத்தைக் கிளறி நாசம் செய்தவர்கள் சீன மீனவர்கள், சீன அரசு தெரிந்தே அதை அனுமதித்தது என்று. இப்போது அதே திட்டுக்கு அவர்களே வனக்காவலர்!

---

யாழ்_நிலா | 12 செப்டம்பர், காலை 9:01

இது துப்பாக்கியைவிடக் கெட்டித்தனம். நாளைக்கு அங்கே வலை போடுகிற பிலிப்பைன்ஸ் மீனவரை "இயற்கையை அழித்தார்" என்று பிடிக்கலாம். போன வருடமே, அத்துமீறும் வெளிநாட்டவரை 60 நாள்வரை தடுத்துவைக்கலாம் என்று அவர்களின் காவல்படைக்கு விதி வந்துவிட்டதே.

---

கடலோடி_தூத்துக்குடி | 17 செப்டம்பர், இரவு 11:35

நேற்று அதே ஸ்கார்பரோ பக்கம் பிலிப்பைன்ஸ் மீன்வளத் துறைக் கப்பலின் மேல் மறுபடி தண்ணீர்ப் பீரங்கி. பிரிட்ஜ் கண்ணாடி உடைந்து ஒருவருக்குக் காயம். பிரிட்ஜ் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி இல்லை, புயல் அலை அடித்தாலே தாங்கும்.

லீவு முடிந்தது. நாளை மறுநாள் சிங்கப்பூரில் ஏறுகிறேன், அங்கிருந்து சுபிக். ஸ்கார்பரோவுக்கு நேர் கிழக்கே இருக்கும் துறைமுகம் அது. பிலிப்பைன்ஸின் பலவான் தீவுப் பக்கமாகத்தான் ரூட் போட்டிருக்கிறார்கள். விஎச்எஃப்பில் ஏதாவது காதில் விழுந்தால், நெட் கிடைக்கும்போது வந்து எழுதுகிறேன்.

---

நெய்தல்வாசன் | 18 செப்டம்பர், காலை 6:10

பத்திரமாகப் போய்விட்டு வாருங்கள் தம்பி. சுபிக் சேர்ந்ததும் ஒரு வரி போடுங்கள்.